தரை உப்பி எழும்பும் வீட்டை விற்பது: அயர்லாந்தில் பைரைட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டப்ளினுக்கு வடக்கே ஃபிங்கல் பகுதியில் 2005-இல் வாங்கிய வீட்டை நாங்கள் 2022-இல் விற்றோம். இடையில் ஒரு முறை அந்த வீட்டின் கீழ்த்தளத் தரை முழுவதையும் பெயர்த்து, அடியில் கிடந்த கல்லை அள்ளி வெளியே கொட்டி, புதிதாகப் போட வேண்டியிருந்தது. காரணம் பைரைட். அது தெரிந்ததிலிருந்து, வீடு விற்கப் போகும் நம் ஆட்கள் பலர் போன் செய்து கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் இன்ஜினியரும் இல்லை, சொலிசிட்டரும் (வீடு விற்கும்போது பத்திர வேலை பார்க்கும் வக்கீல்) இல்லை. கையெழுத்துப் போடும் முன் அவர்கள் இருவரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பைரைட் என்றால் என்ன? அதற்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனிமம். தங்கம் போலப் பளபளக்கும் படிகங்களைப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தப் பளபளக்கும் வகை அல்ல. களிமண் இறுகி உருவான பாறைக்குள் கண்ணுக்கே தெரியாத நுண்ணிய உருண்டைகளாகப் படிந்திருக்கும் வகைதான் ஆபத்தானது. உருண்டைகள் சிறியதாக இருப்பதால் காற்றும் ஈரமும் படும் பரப்பு மிக அதிகம்.

அயர்லாந்தில் வீடு கட்டும்போது, கீழ்த்தளக் கான்கிரீட்டுக்கு அடியில் உடைத்த கல்லைக் கொட்டி இறுக்குவார்கள். அதற்கு இங்கே ஹார்ட்கோர் என்று பெயர். நம் ஊரில் தளம் போடும் முன் ஜல்லி கொட்டித் திமிசு போடுவார்கள் அல்லவா, அதே மாதிரிதான். அந்தக் கல்லில் பைரைட் இருந்தால், ஈரமும் காற்றும் பட்டு அது கந்தக அமிலமாக மாறும். அதே கல்லில் சுண்ணாம்பும் கலந்திருக்கும். அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஜிப்சம். பழைய சுண்ணாம்புக் கனிமம் அடைத்திருந்த இடத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் ஜிப்சத்துக்கு வேண்டும். பாறையின் மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே அந்தப் படிகங்கள் வளர்ந்து, அடுக்குகளை விலக்கிக்கொண்டே போகும். கல் உப்பிப் பெருக்கும், அதன் மேல் இருக்கும் தரை எழும்பும்.

இது எத்தனை வீடுகளைப் பாதித்தது? எங்கள் பகுதியும் இதில் வருமா?

பிரச்சினை வெளியே தெரிந்தது 2007 வாக்கில், டப்ளின் வடக்குப் பகுதியில். வீடு கட்டும் வேகம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் சில குவாரிகளிலிருந்து வந்த கல் பல குடியிருப்புகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அரசு அமைத்த பைரைட் குழு 2012-இல் தந்த அறிக்கை, 74 குடியிருப்புகளில் கீழ்த்தளம் உள்ள சுமார் 12,250 வீடுகளுக்குப் பாதிப்பு இருக்கலாம் என்று கணக்கிட்டது. அத்தனையும் கெட்டுப்போன வீடுகள் என்று அதற்குப் பொருள் இல்லை.

முக்கியமாக அடிபட்ட பகுதிகள் ஃபிங்கல், டப்ளின் நகரம், மீத், கில்டேர், ஆஃபலி. உங்கள் வீடு இந்தப் பகுதிகளில், 1997-க்கும் 2013-க்கும் இடையில் கட்டப்பட்டது என்றால், வாங்க வருபவர் பைரைட் பற்றிக் கேட்பார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மறந்தாலும் அவருடைய சொலிசிட்டர் மறக்க மாட்டார்.

ஒரே வரிசையில் ஒரு வீடு நன்றாக இருக்கும், பக்கத்து வீடு உப்பியிருக்கும். லாரி லாரியாக வந்த கல் வேறுபடலாம், அடியில் கொட்டிய அடுக்கின் கனமும் (தடிமனும்) வேறுபடலாம். சரிவான நிலத்தில் ஒரு பக்கம் அதிகக் கனத்துக்குக் கல் நிரப்பியிருப்பார்கள். கனம் கூடக் கூட உப்புதலும் கூடும்.

விரிசல் எல்லாமே பைரைட்தானா? நான் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லா விரிசலும் பைரைட் இல்லை. புது வீட்டில் பூச்சு காயும்போது மயிரிழை விரிசல் விழுவது சாதாரணம். அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கினாலும் விரிசல் வரும். இங்கே நடப்பதோ தலைகீழானது: தரை மேலே எழும்புகிறது.

வெளிச்சுவர்கள் தனி அஸ்திவாரத்தின் மேல் நிற்பதால் அவை பெரும்பாலும் நகர்வதில்லை. தரையின் ஓரங்கள் அங்கே பிடிபட்டுக் கிடக்க, நடுப்பகுதி மட்டும் தோசைக்கல்லைக் கவிழ்த்தது போல மெல்ல உயரும். தரை மேலேயே நிற்கும் உள் தடுப்புச் சுவர்களும் கூடவே தூக்கப்படும். அதனால் உள் கதவு நிலையின் மூலைகளில் சாய்வான விரிசல், கதவு தரையில் உரசுவது, டைல்ஸ் வெடிப்பது, சமையலறை மேடையின் மட்டம் மாறுவது என்று அறிகுறிகள் தெரியும். தடுப்புச் சுவர் மேலே தள்ளுவதால் மாடி அறையிலும் விரிசல் வரலாம். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் கான்கிரீட்டில் நட்சத்திரம் போல, அல்லது குறுக்கும் நெடுக்குமாக, வெடிப்பு தெரியும்.

எங்கள் வீட்டில் முதலில் தெரிந்தது சமையலறைக் கதவு. மழைக்காலத்தில் மரம் ஊதியிருக்கும் என்று நினைத்து அடிப்பக்கத்தை இழைத்தோம். ஆறு மாதத்தில் மறுபடி உரசியது. இரண்டாவது முறை இழைத்த தச்சர்தான், "கதவு இறங்கவில்லை, தரை ஏறுகிறது" என்று முழங்கால் போட்டுக் காட்டினார்.

விற்கப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகு எதற்குப் பரிசோதனை? தெரியாமலே இருந்தால் நல்லதில்லையா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், கொஞ்சம் தயங்கித் தயங்கி. அவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. பரிசோதித்துக் கெட்டது என்று வந்துவிட்டால் வீட்டின் விலை போய்விடுமே என்பதுதான் பயம். ஆனால் அந்தப் பகுதிகளில் பரிசோதனைத் தாள் இல்லாத வீடு, கெட்ட வீடு என்ற சந்தேகத்தோடுதான் சந்தைக்கு வரும். வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் "பைரைட் நிலை தெரியவில்லை" என்று எழுதிவிட்டால் கடன் நின்றுபோகும். நீங்கள் இரண்டு மாதம் காத்திருந்து, விலை பேசி, புது வீட்டுக்கு முன்பணமும் கொடுத்த பிறகு இது நடக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு இப்படியே இரண்டு முறை நடந்தது. மூன்றாவது முறை பரிசோதித்தார்கள், தரையில் எந்தக் கோளாறும் இல்லை. முதலிலேயே அந்தத் தாள் கையில் இருந்திருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

விற்பவராக உங்கள் கையில் இருக்க வேண்டிய முதல் சாமான் அந்தத் தாள்தான். நல்ல முடிவு வந்தால் விலை நிற்கும். கெட்ட முடிவு வந்தால், என்ன செய்வது என்று நிதானமாக யோசிக்க அவகாசம் உங்களிடம் இருக்கும்.

பரிசோதனை எப்படி நடக்கும்?

ஐ.எஸ். 398 என்ற அயர்லாந்துத் தர நிர்ணயத்தின்படி இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் தரையை உடைப்பதே இல்லை. இதற்கென்று பயிற்சி பெற்ற இன்ஜினியர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, விரிசல்களைக் குறித்து, சேதத்துக்கு 0, 1, 2 என்று ஓர் எண் தருவார். 0 என்றால் பைரைட் போலத் தோன்றும் சேதம் இல்லை. 2 என்றால் கணிசமான சேதம். 1 என்பது நடுவில். இந்த வேலைக்குத் தகுதியுள்ளவர்களின் பட்டியலை இன்ஜினியர்ஸ் அயர்லாந்து அமைப்பு வைத்திருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழையுங்கள்.

இரண்டாவது கட்டத்தில் தரையில் துளை போட்டு, அடியிலிருந்து கல்லை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஒரு புவியியலாளர் பாறை வகையைப் பார்ப்பார். கூடவே கந்தகமும் சல்பேட்டும் எவ்வளவு என்று வேதியியல் சோதனை நடக்கும். அதை வைத்து இன்ஜினியர் அந்தக் கல்லை ஒரு பிரிவில் சேர்ப்பார். 'ஏ' என்றால் உப்பும் அபாயம் இல்லை. அதற்கு எதிர்க் கோடியில், கணிசமாகவோ தொடர்ந்தோ உப்பக்கூடிய கல் என்ற பிரிவு இருக்கிறது. இடையில் எது வந்தாலும் உங்கள் வீட்டுக்கு அது என்ன சொல்கிறது என்று இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது வாங்குபவரின் சொலிசிட்டரிடம் செல்லாது.

ஒரு சின்ன விஷயம், பலரும் விட்டுவிடுவது: கான்கிரீட்டுக்கு அடியில், மண்ணிலிருந்து வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவைத் தடுக்கும் ஒரு விரிப்பு இருக்கும். துளை போடும்போது அதுவும் கிழியும். அதைச் சரியாக ஒட்டி மூடுவது விலையில் சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். துளை போடும் இடத்தையும் நீங்களே கூட நின்று பேசி முடிவு செய்யலாம். மாடிப்படிக்கு அடியில், அலமாரிக்குள் என்று கண்ணில் படாத இடமாக இருந்தால் விற்பனைப் புகைப்படங்களும் கெடாது.

"கிரீன் சர்ட்" என்கிறார்களே, அது என்ன?

அந்த 'ஏ' பிரிவு அறிக்கைக்குத்தான் பேச்சு வழக்கில் கிரீன் சர்ட், அதாவது பச்சைச் சான்றிதழ், என்று பெயர். வீட்டு விளம்பரங்களில் அப்படியே போடுவார்கள். பல வருடம் முன்பு எடுத்த பழைய அறிக்கை உங்களிடம் இருந்தால், அது இந்தத் தர நிர்ணயத்தின்படி எடுத்ததா என்று தேதியைப் பாருங்கள். ஐ.எஸ். 398 வந்தது 2013-இல். அதற்கு முந்தைய தாளைச் சில சொலிசிட்டர்கள் ஏற்க மாட்டார்கள்.

சேதம் இருப்பது உறுதியாகிவிட்டது. அரசாங்கமே சரிசெய்து தரும் என்கிறார்களே?

2013 டிசம்பரில் பைரைட் தீர்வுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பைரைட் தீர்வு வாரியம் அமைந்து, சீரமைப்புத் திட்டமும் தொடங்கியது. வேலைகளை நடத்துவது ஹவுசிங் ஏஜென்சி என்ற அரசு அமைப்பு. இதில் உங்கள் கையில் காசு தர மாட்டார்கள். அவர்களே ஆய்வு செய்து, ஒப்பந்தக்காரரை வைத்து, மேற்பார்வை பார்த்து, வேலையை முடித்துத் தருவார்கள். 2,000-க்கும் மேற்பட்ட வீடுகள் இப்படிச் சரியாகியிருக்கின்றன.

சேர்வதற்கான முக்கிய நிபந்தனைகள் இவை. வீடு 1997 ஜனவரி 1-க்கும் 2013 டிசம்பர் 12-க்கும் இடையில் கட்டி முடித்ததாக இருக்க வேண்டும். திட்டத்தில் உள்ள பகுதியில் இருக்க வேண்டும். சேத எண் 2 ஆக இருக்க வேண்டும். எண் 1 உள்ள வீடுகளை எடுத்துக்கொள்வது விதிவிலக்கு, உதாரணமாக ஒட்டியிருக்கும் வீட்டின் சீரமைப்போடு அது பிணைந்திருந்தால். கட்டியவர், காப்பீடு என்று வேறு எந்த வழியிலும் சரிசெய்ய முடியாது என்று காட்ட வேண்டும். ஒருவருக்கு ஒரு வீடுதான். விதிகள் இடையிடையே திருத்தப்படுகின்றன, அதனால் விண்ணப்பிக்கும் அன்றைய விதியை வாரியத்தின் தளத்தில் பாருங்கள்.

முதல் கட்ட இன்ஜினியர் அறிக்கைக்கு நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். விண்ணப்பம் அந்தக் கட்டத்தைத் தாண்டினால், தரையைத் துளைத்துப் பார்க்கும் சோதனையை அவர்களே செய்துகொள்வார்கள். எனவே சேதம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் வீட்டில், இரண்டாம் கட்டத்துக்கு அவசரப்பட்டுச் செலவு செய்யாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. சொந்தச் செலவில் முன்னாலேயே சரிசெய்தவர்களுக்கு இந்தத் திட்டம் பணத்தைத் திருப்பித் தருவதில்லை. ஆத்திரத்தில் தரையை உடைத்துவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

சேதத்தோடு அப்படியே விற்றால், வாங்குபவர் அந்தத் திட்டத்தில் சேர்ந்துகொள்ள முடியாதா?

இதை நன்றாகப் படியுங்கள். எனக்குப் போன் செய்பவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது, தெரிந்தவுடன் திட்டமே மாறிவிடுகிறது.

2013 டிசம்பர் 12 அன்றோ அதற்குப் பிறகோ வீடு வாங்கியவர், வாங்கும்போதே பைரைட் இருப்பதை அறிந்திருந்தால், அல்லது அறிந்திருக்க வேண்டியவர் என்று கருதப்பட்டால், திட்டத்தில் சேர முடியாது. நீங்கள் நேர்மையாக அறிக்கையைக் காட்டி விற்கிறீர்கள். அதைப் படித்ததாலேயே வாங்குபவருக்குத் திட்டம் மூடிவிடுகிறது. சீரமைப்பின் முழுச் செலவும் அவர் தலையில். அதனால் அவர் அந்தச் செலவையும், அலைச்சலையும், வாடகைக்கு வெளியே தங்கும் காலத்தையும், பயத்தையும் சேர்த்து விலையில் கழிப்பார். ஒரு வீட்டைச் சீரமைக்கச் சாதாரணமாகப் பல பத்தாயிரம் யூரோ ஆகும் என்றால், விலையில் குறையப் போவது அதைவிட அதிகமாகவே இருக்கும். வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம் என்பதால், முழுப் பணத்தையும் கையில் வைத்திருப்பவர்கள் மட்டுமே வருவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு விலையை எப்படி அடிப்பது என்று நன்றாகத் தெரியும்.

அதாவது, திட்டத்தில் சேரும் தகுதி என்பது வீட்டோடு சேர்த்துக் கைமாற்றிக் கொடுக்கக்கூடிய சொத்து அல்ல. இன்று தகுதி உங்களிடம் இருந்தால், அதைப் பயன்படுத்திச் சரிசெய்துவிட்டு விற்பதுதான் பெரும்பாலான குடும்பங்களுக்கு நல்லது என்பது என் கருத்து. காத்திருக்கும் காலம் மாதக் கணக்கில் அல்ல, வருடக் கணக்கில் போகலாம். நாங்கள் விண்ணப்பித்ததிலிருந்து வேலை முடியும் வரை இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. வேலை மாற்றம், விவாகரத்து, ஊருக்குத் திரும்புவது என்று காத்திருக்கவே முடியாத நிலை இருந்தால் அப்படியே விற்பதும் ஒரு வழிதான். ஆனால் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விற்க வேண்டும்.

சீரமைப்பின்போது வீட்டில் தங்க முடியுமா?

முடியாது. கீழ்த்தளத்தில் சமையலறை, கதவுகள், தடுப்புச் சுவர்களின் பூச்சு, சில நேரம் சுவர்களே எல்லாம் கழற்றப்படும். கான்கிரீட்டை வெட்டி எடுப்பார்கள். அடியில் உள்ள கல் முழுவதையும் அள்ளி, சோதித்த புதுக் கல்லைப் போட்டு, புது விரிப்பு, புதுக் கான்கிரீட் என்று மேலே வருவார்கள். எங்களுக்கு ஏறக்குறைய நான்கு மாதம் ஆனது. சாமான்களைக் கிடங்கில் வைக்கவும் வெளியே தங்கவும் ஆகும் செலவில் ஒரு வரம்பு வரை ரசீது காட்டினால் தருவார்கள். எல்லா ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

குழந்தைகளின் பள்ளியை யோசித்துத் தேதியைக் கேளுங்கள். நாங்கள் கோடை விடுமுறையில் நடுவழியில் மாட்டிக்கொண்டோம். வாடகை வீடு கிடைக்காமல் மூன்று வாரம் தோழி வீட்டில் ஏழு பேராக இருந்தோம்.

நான் எதுவும் சொல்லாமல் விற்றால் சட்டப்படி தப்பா? வாங்குபவர்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்?

அயர்லாந்தில் பழைய வீட்டை விற்கும்போது, வாங்குபவர்தான் விழிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது பொதுவான சட்டக் கொள்கை. கட்டடத்தின் குறைகளை நீங்களாகவே பட்டியல் போட்டுச் சொல்ல வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் இல்லை. இந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டுப் பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதி சரியில்லை.

ஒப்பந்தத்துக்கு முன் வாங்குபவரின் சொலிசிட்டர் கேள்விகளை எழுத்தில் அனுப்புவார். பைரைட் பற்றிச் சோதனை செய்ததா, அறிக்கை இருக்கிறதா, திட்டத்துக்கு விண்ணப்பித்ததா என்று நேராகவே கேட்பார்கள். தெரிந்துகொண்டே "இல்லை" என்று பதில் சொன்னால் அது பொய்யான வாக்குமூலம். விற்பனை முடிந்த பிறகும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கோரலாம். விரிசலைப் பட்டி வைத்து மூடி, பெயின்ட் அடித்து மறைப்பதும் பேசாமல் சொன்ன பொய்யாகப் பார்க்கப்படலாம். அது போக, வீட்டை விற்றுத் தரும் ஏஜென்ட் ஒரு வணிகர் என்பதால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முக்கியத் தகவலை மறைத்து வாங்குபவரைத் தவறாக வழிநடத்தக் கூடாது. நீங்கள் ஏஜென்ட்டிடம் மறைத்தால் அவரையும் சிக்கலில் விடுகிறீர்கள்.

தடயம் எங்கே இருக்கிறது என்றும் யோசியுங்கள். முன்பு பைரைட் சேதம் உள்ள வீடுகளுக்கு உள்ளூர்ச் சொத்து வரியில் தற்காலிக விலக்கு இருந்தது. அதை வாங்கியிருந்தால், வீடு கெட்டது என்று உங்கள் கையாலேயே அரசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இன்ஜினியரின் கோப்பு, திட்ட விண்ணப்பம், கட்டியவருக்கு அனுப்பிய புகார் மின்னஞ்சல் எல்லாம் எங்காவது இருக்கும்.

சட்டத்தை விடுங்கள். அந்த வீட்டில் அடுத்து ஒரு குடும்பம் வாழப் போகிறது. பெரும்பாலும் நம்மைப் போலவே இருபத்தைந்து, முப்பது வருடக் கடனில். கதவு உரசும் சத்தம் கேட்டு நாங்கள் எத்தனை இரவு தூங்காமல் இருந்தோம் என்று எனக்குத் தெரியும். அதை இன்னொருவருக்குத் தெரிந்தே கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

சரி, சீரமைத்த வீடு. விளம்பரத்தில் பைரைட் என்ற வார்த்தையைப் போடலாமா? வாங்க வருபவர் பயந்து ஓட மாட்டாரா?

போடுங்கள். முதலில் நாங்கள் பேசிய ஏஜென்ட், அந்த வார்த்தையே வேண்டாம் என்றார். இரண்டாவதாகப் பேசியவர், விளம்பரத்தின் முதல் பத்தியிலேயே "பைரைட் சீரமைப்பு முடிந்தது, சான்றிதழ் உண்டு" என்று போடச் சொன்னார். இரண்டாமவரிடம் கொடுத்தோம். பார்க்க வந்தவர்களில் பலர் அந்தப் பகுதியை நன்றாக அறிந்தவர்கள். சோதிக்காத வீட்டைவிடத் தரை முழுவதும் புதிதாகப் போட்ட வீடு அவர்களுக்குப் பிடித்திருந்தது.

வேலை முடிந்ததும் சீரமைப்புச் சான்றிதழ் தருவார்கள். புகைப்படங்கள், புதுக் கல்லின் சோதனை முடிவு, இன்ஜினியரின் கையெழுத்து எல்லாவற்றையும் அதோடு ஒரே கோப்பில் வையுங்கள். மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நகலைச் சொலிசிட்டரிடம் கொடுங்கள். காணாமல் போனால் திரும்ப வாங்குவதற்குள் விற்பனை கைநழுவிவிடும்.

கட்டியவர் மேல், கல் கொடுத்த குவாரி மேல் வழக்குப் போடலாமா?

சிலர் போட்டு வென்றிருக்கிறார்கள். டப்ளினில் பாலிமன் பகுதியில் கட்டிய ஓர் இளைஞர் மையத்தின் தரை உப்பியது. அதைக் கட்டிய ஜேம்ஸ் எலியட் நிறுவனம், கல் கொடுத்த ஐரிஷ் அஸ்பால்ட் நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் கட்டியவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து சில கேள்விகள் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கும் போயின; ஐரோப்பிய நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்துக்கே அவ்வளவு காலம் ஆயிற்று. தனி வீட்டுக்காரருக்கு, கட்டியவர் திவாலாகியிருக்கலாம், கால வரம்பும் முடிந்திருக்கலாம். ஒரு முறை சொலிசிட்டரிடம் கேளுங்கள், ஆனால் வீட்டை விற்கும் திட்டத்தை அந்த வழக்கின் மேல் கட்டாதீர்கள்.

எங்களுடையது இரண்டாவது மாடி அபார்ட்மென்ட். எங்களுக்கும் இது உண்டா?

உங்கள் தரைக்கு அடியில் கல் நிரப்பு இல்லை என்பதால் நேரடியாக இல்லை. கீழ்த்தள வீடுகளோ நுழைவுக் கூடமோ பாதிக்கப்பட்டால் பராமரிப்புக் கட்டணத்தில் அதன் சுமை வரலாம். நிர்வாகக் கம்பெனியின் கூட்டக் குறிப்புகளை வாங்கிப் படியுங்கள்.

டொனகாலில் "மைக்கா வீடு" என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள். அயர்லாந்தின் மேற்கு, வடமேற்குப் பக்கத்தில் உள்ள டொனகால், மேயோ பகுதிகளில் கெட்டது சுவர் கட்டிய கான்கிரீட் பிளாக்குகள். மைக்கா என்பது அந்தப் பிளாக்குகளில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு கனிமம். மேயோவில் பைரைட் பெயரும் அடிபடுவதால்தான் குழப்பம். அங்கே வெளிச்சுவரே நொறுங்குகிறது. பல வீடுகளை இடித்துத்தான் கட்ட வேண்டும். அதற்கான தர நிர்ணயம் ஐ.எஸ். 465, மானியத் திட்டமும் வேறு. இந்தப் பக்கத்தில் சொன்ன விதிகள் அங்கே பொருந்தாது.

அண்ணன் மாண்ட்ரியலில் இருக்கிறார். அங்கேயும் பைரைட் உண்டு என்கிறார். விதிகள் ஒன்றா?

நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் ஊர் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மாண்ட்ரியல் வட்டாரத்திலும், குறிப்பாக ஆற்றுக்குத் தெற்கே உள்ள ஊர்களில், அடித்தளத்துக்கும் கார் நிறுத்தும் அறைக்கும் அடியில் போட்ட கல்லில் இதே கோளாறு வந்தது. அயர்லாந்துக்காரர்கள் இதைப் பற்றிக் கற்றுக்கொண்டதில் ஒரு பங்கு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் சட்டம் வேறு. மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் சிவில் சட்டத்தில், மறைந்திருக்கும் குறை இல்லை என்று விற்பவரே உத்தரவாதம் தருவதாகத்தான் தொடக்கமே. உத்தரவாதம் இல்லாமல் விற்கிறேன் என்று எழுதிக்கொண்டாலும், தெரிந்த குறையைச் சொல்லாமல் விட்டிருந்தால் அது காப்பாற்றாது. இங்கே எழுதிய சட்டப் பகுதியை வைத்து அண்ணன் முடிவெடுக்க வேண்டாம், அங்குள்ள நோட்டரியைக் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் வீட்டை விளம்பரத்தில் போட வேண்டும். முதலில் யாரை அழைப்பது?

இன்ஜினியரை. ஏஜென்ட்டை அழைத்தால் அவர் உடனே புகைப்படக்காரரை அனுப்பிவிடுவார், பிறகு எல்லாம் ஓட்டமாகிவிடும். இன்ஜினியரின் முதல் கட்ட எண் கைக்கு வந்ததும் சொலிசிட்டரிடம் காட்டுங்கள். எண் 0 என்றால் துளைச் சோதனையும் செய்து 'ஏ' அறிக்கை வாங்கப் பாருங்கள். எண் 2 என்றால் ஏஜென்ட்டை அழைக்கும் வேலையே இப்போதைக்கு இல்லை, திட்டத்துக்கு விண்ணப்பம் எழுத உட்காருங்கள். எண் 1 என்றால், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அவர்கள் சோதித்தார்களா என்று கேளுங்கள். எங்கள் தெருவில் அப்படிக் கேட்டுத்தான் நான்கு வீட்டுக்காரர்கள் ஒன்றாக விண்ணப்பித்தோம்.